மார்ச் மாதத்து மூன்றாம் கண்ணாடி

பிறிஜெற் சூசைப்பிள்ளை என்ன வேலை செய்கிறாள் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். "அவ மணல் எண்ணுறா." பகிடி என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமாக அவள் மணல்தான் எண்ணினாள். கறுவாத்தோட்டத்துப் பக்கம் இருந்த ஒரு கல்லூரியின் மேல்மாடி மூலையறையில், காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணிவரை, நுணுக்குக்காட்டியில் வலது கண்ணை வைத்துக்கொண்டு எண்ணினாள். அதற்கு மாதச் சம்பளமும் வாங்கினாள். கடற்கரையில் கொட்டிக் கிடக்கிற மணலை எண்ணுவதற்கு ஆள் வைக்கிற வெள்ளைக்காரன் எப்படி யுத்தத்தில் வெல்லப்போகிறான் என்று அவளுடைய தம்பி றேமண்டே கேட்டிருக்கிறான்.

அதற்கு முன்னால் பதினாலு வருஷம் அவள் காரீயக் கொட்டிலில் இருந்தவள். சுரங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், பென்சில் கூருக்குப் போடுகிற காரீயத்தை, கப்பலுக்கு அனுப்புமுன் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து தரம் பிரிப்பார்கள். கட்டி ஒரு பக்கம், துகள் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். மாலையில் வீடு திரும்பும்போது தலையிலிருந்து கால்வரை கறுப்பு. பல்லும் கண்முழியும் மட்டும் வெள்ளை. ஒரு கூடைக் காரீயத்தில் ஒரேயொரு பொடிக்கல் கிடந்தாலும் பிறிஜெற்றின் விரல் நேரே அதில்தான் போய் நிற்கும் என்று கொட்டிலில் பேச்சு. மேற்பார்வை பார்க்கிறவனுக்கே அவள் கண்ணைக் கண்டால் பயம்.

அங்கேதான் சண்முகலிங்கம் அவளைக் கண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கல்லூரியில் தற்காலிக உதவி விரிவுரையாளர், வெள்ளவத்தையில் ரெயில் பாதை ஓரத்து ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்து இருந்தவர். முப்பது வயதாவதற்குள் பாதி வழுக்கை. காரீய மாதிரி வாங்க வந்த மனுஷன், வந்த வேலையை மறந்து அவள் கை ஓடுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இங்கிலிஷ் இலக்கம் எழுதுவியளோ?" என்று கேட்டார்.

"எழுதுவேன். கொன்வென்டில அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சேன். ஏன் கேக்கிறீங்க?"

"எனக்கு உங்கட கண் வேணும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு கிழமை கழித்து பிறிஜெற் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிப் படி ஏறினாள். முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக, ஒரு நாள் முழுக்க வேலை செய்தும் நகக்கண்ணில் அழுக்கில்லாமல் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்து சோறு ஆறிப்போனது.

சண்முகலிங்கத்தின் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். வெள்ளவத்தைக் கரை மணல் எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. தெற்கே பேருவளைப் பக்கத்து மணலில் மொனசைற் என்றொரு தேன்நிற மணி உண்டு. அது வெள்ளவத்தையில் எத்தனை கிடக்கிறது என்று மாதாமாதம் எண்ணினால், தெற்கு மணல் எந்தக் காலத்தில் கரையோடு ஊர்ந்து வருகிறது, எந்தக் காலத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். 1941 ஏப்ரலில் தொடங்கினார். மாதம் ஒரு தடவை, தான் இருந்த ஒழுங்கை, அந்தச் சின்னச் சந்து, கடலில் முடிகிற இடத்துப் பாறைக்குப் பக்கத்தில், கடல் வற்று நேரம் பார்த்து ஒரு தகர டப்பா மணல் அள்ளிவருவார். அதைக் கழுவிக் காயவைத்து, பாரமான மணிகளைப் பிரித்தெடுத்து, கறுப்பு மணிகளைக் காந்தத்தால் இழுத்து அப்பால் தள்ளிவிட்டு, மிச்சத்தைச் சின்னக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டுவார்கள். மாதத்துக்கு ஐந்து கண்ணாடி. கண்ணாடிக்கு முந்நூறு மணி. அந்த முந்நூறில் மஞ்சள் எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவது பிறிஜெற்றின் வேலை. கடல் உருட்டி உருட்டி மஞ்சளையும் வெள்ளையையும் ஒரே உருண்டையாக்கி வைத்திருந்தது. நிறத்தைத் தவிர அவளுக்கு வேறு அடையாளம் இல்லை.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஜன்னலைத் திறக்கக்கூடாது. காயப்போட்ட மணல் தட்டுத் தட்டாக மேசையில் கிடக்கும். ஒரு காற்று அடித்தால் ஏப்ரலும் மேயும் கலந்துவிடும். வேர்த்து ஊற்றினாலும் பிறிஜெற் ஜன்னலைத் தொட்டதில்லை.

பகுதித் தலைவர் வில்மட் துரைக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரீயம் பொறுக்கிய பெண்ணின் கண்ணை நம்பி ஆராய்ச்சி செய்வதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "அவவின்ர கண்ணுக்கு நான் பொறுப்பு" என்று சண்முகலிங்கம் இங்கிலிஷில் சொன்னதை, ஆய்வுகூட உதவியாள் மஷூர் வந்து அவளிடம் தமிழில் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பன்னிரண்டு மாதம் தலைவலி என்று ஒரு நாள் லீவு போடவில்லை.

வருஷ முடிவில் கண்டுபிடிப்பும் வந்து வாசலில் நின்றது! ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை கண்ணாடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மஞ்சள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இரண்டு, மூன்று. அவ்வளவுதான். தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று இருக்கும்வரை தெற்கு மணல் வருகிறது. வடக்கிலிருந்து வாடைக்காற்று திரும்பியதும் கதவைச் சாத்தினதுபோல நின்றுவிடுகிறது. இப்படி வெட்டொன்று துண்டிரண்டாக யாரும் காட்டியதில்லை என்று சண்முகலிங்கம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்த நேரம் பார்த்து நிரந்தர விரிவுரையாளர் இடம் ஒன்றும் காலியாகியிருந்தது. ஏப்ரல் இரண்டாம் திகதி, பெரிய வியாழன் பின்நேரம், விஞ்ஞானச் சங்கக் கூட்டத்தில் அவர் கட்டுரை வாசிக்க வேண்டும். தெரிவுக் குழுவினர் மூன்று பேரும் முன்வரிசையில் இருப்பார்கள். அந்த இடம் அவருக்குக் கிடைத்தால் எண்ணுகிற மேசை பிறிஜெற்றுக்கு நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை, மேசையும் இல்லை. அவர் ஊருக்கு, அவள் காரீயக் கொட்டிலுக்கு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கடற்கரைப் பக்கம் பீரங்கிப் பயிற்சி. சிங்கப்பூர் விழுந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. அடுத்தது கொழும்புதான் என்று பாதிச் சனம் பெட்டி படுக்கையோடு ரெயிலேறிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் ஜன்னல் சட்டம் கிடுகிடுத்தது. பத்தரை மணிக்கு ஒரு வெடி போட்டான் பாருங்கள், பிறிஜெற்றின் மேசைக்கு நேரே இருந்த ஜன்னல் கண்ணாடி ஒன்று சட்டத்தை விட்டுக் கழன்று கீழே முற்றத்தில் போய்ச் சிதறியது. அவள் முதலில் மணல் தட்டுகளின் மேல் இரண்டு கையையும் விரித்துக் குனிந்தாள். நல்ல வேளை, காற்று இல்லை. தட்டுகளைத் துணியால் மூடிவிட்டு, கூட்டத்துக்கு எடுத்த கண்ணாடியை ஒருக்கால் சரிபார்ப்போம் என்று கண்ணை வைத்தாள்.

நுணுக்குக்காட்டிக்குள் ஒரே மஞ்சள்.

"யேசுவே!"

அது மார்ச் மாதத்து மூன்றாம் கண்ணாடி. சங்கத்தில் காட்டுவதற்குத் துடைத்து வைத்திருந்தாள். கொப்பியில் அதற்கு நேரே மூன்று என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. இப்போது எண்ணினாள். பன்னிரண்டு. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. இரண்டு கண்ணாடி தள்ளி எடுத்து வைத்தாள். பதினொன்று. காரீயக் கொட்டிலில் பதினாலு வருஷத்தில் ஒரு கல்லைத் தவறவிடாதவள் நாலு மாத மணலைத் தவறவிட்டாளா?

மஷூர் உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தான். மாளிகாவத்தைக்காரன், வாய் ஓயாதவன். "பாத்தீங்களா மிஸ், எதிரி வாறதுக்கு முந்தி நம்மாளே உடைச்சிட்டான்!"

பிறிஜெற் தட்டைப் பார்த்தாள். எல்லாத் துண்டும் நீலம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்ற யுத்தக் கட்டளைக்காகப் பூசிய கடும் நீலப் பெயின்ட். ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்துக்கும் நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கண்ணை வைத்தாள். மஞ்சள் மணியெல்லாம் சாம்பல் பூத்து வெள்ளையோடு வெள்ளையாகிவிட்டன. துண்டை எடுத்தாள். மஞ்சள். பிடித்தாள். இல்லை.

"மஷூர் நானா, இந்த ஜன்னலுக்கு எப்ப பெயின்ட் அடிச்சீங்க?"

"நத்தாருக்கு மத்த நாள், டிசம்பர் இருபத்தாறு. ஏன் மிஸ்? மேசைக்கு நேரா ஈக்கிய ஒண்டை விடட்டான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் அடி எண்டு சொல்லிட்டாங்க."

டிசம்பர் மணலை அவள் எண்ணத் தொடங்கியது நத்தார் லீவு முடிந்து வந்த பிறகுதான். வாடையும் நீலமும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. மணல் எங்கேயும் நிற்கவில்லை. வெளிச்சம்தான் மாறியது.

சண்முகலிங்கம் அன்றைக்கு வெள்ளவத்தையில் அறையைப் பூட்டிக்கொண்டு கட்டுரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அவள் நாலு மாதத்து இருபது கண்ணாடியையும் உடைந்த ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி எண்ணி முடித்தாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. சோளக மாதங்களில் வந்த அதே கணக்கு. ஒன்றே ஒன்றில் மட்டும், பெப்ரவரி ஐந்தாம் கண்ணாடியில், நாலு. அது அந்தக் கண்ணாடியின் தலைவிதி. கை நிறைய அள்ளும்போது அப்படி ஒன்று வருவதுதான்.

புதன்கிழமை மத்தியானம் சண்முகலிங்கம் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் டைப் அடித்த கட்டுரை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"மிஸ் பிறிஜெற், இதை வாசியுங்கோ. இஞ்ச, இந்த வரி."

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பதினெட்டாயிரம் மணிகளைப் பொறுமையோடு எண்ணித் தந்த மிஸ் பிறிஜெற் சூசைப்பிள்ளைக்கு நன்றி என்று இருந்தது. அவளுடைய குடும்பத்தில் யாருடைய பெயரும் இதுவரை அச்சில் வந்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷன் இன்றைக்கென்று பார்த்து இதைக் காட்ட வேண்டுமா என்று கோபமும் வந்தது.

"சேர், எண்ணினது பிழை."

"எது?"

"டிசம்பர்ல இருந்து எல்லாம். ஜன்னல் நீலம் சேர். நீலத்தில மஞ்சள் தெரியாது." அவள் கொப்பியைத் திறந்து புதிய கணக்கைக் காட்டினாள். உடைந்த துண்டை எடுத்து வைத்தாள். "சேர் ஒருக்கா பாருங்க. மார்ச் மூண்டாம் கண்ணாடி அதில வச்சிருக்கேன்."

சண்முகலிங்கம் கொப்பியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நுணுக்குக்காட்டிக்குக் கிட்டப் போகவில்லை.

"எந்தக் கண்ணை நான் நம்ப?" குரல் உயர்ந்தது. "போன மாசம் எண்ணின கண்ணையோ, நேற்று எண்ணின கண்ணையோ?"

"ரெண்டும் ஒரே கண்தான் சேர். வெளிச்சம்தான் ரெண்டு."

அவர் நாற்காலியில் தொப்பென்று இருந்தார். "வாடை வந்தா மஞ்சள் குறையும் எண்டு நான் முதலே உங்களுக்குச் சொன்னனான், என்ன?"

"ஓம் சேர்."

"அதாலதான் நீங்கள் குறைச்சு எண்ணினீங்களோ?"

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். பிறிஜெற் யோசித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "குறைச்சு எண்ணல்ல. ஆனா மூண்டு எண்டு வந்த அண்டைக்கு, ஏன் இப்பிடி எண்டு நான் கேக்கவும் இல்ல. சேர் சொன்னபடியே வருது எண்டு சந்தோசப்பட்டேன்."

"ஒருக்கா பாருங்க சேர்" என்று மறுபடியும் கெஞ்சினாள்.

"நான் பாக்க மாட்டன்." அவர் எழுந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. "பாத்தா எனக்குத் தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சா நாளைக்கு வாசிக்கேலாது. நாளைக்கு வாசிக்காட்டி அந்த இடம் போச்சு. இந்த மேசையும் போச்சு, விளங்குதோ? வாசிச்சு முடியட்டும். பிறகு ஆறுதலா எண்ணிப் பாப்பம்."

வாசல் வரை போனவர் திரும்பினார். "மஷூரிட்டச் சொல்லுங்கோ, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு நீலம் அடிக்கச் சொல்லி. நாளைக்கு மண்டபத்துக்கு நுணுக்குக்காட்டி கொண்டுவர வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. திரையில போடுற விளக்குப் படம் மட்டும் போதும்."

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்லைப் பற்றிக் கட்டுரை வாசித்தால் கல்லையும், பூச்சியைப் பற்றி வாசித்தால் பூச்சியையும், ஜன்னலோரத்து மேசையில் வைப்பார்கள். வாசித்து முடிந்ததும் துரைமார் தேநீர்க் கோப்பையோடு வரிசையாக வந்து பார்ப்பார்கள். சண்முகலிங்கத்துக்கு அந்த மேசைதான் இப்போது பயம்.

மாலையில் பிறிஜெற் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனாள். பெரிய கிழமை, அதுவும் யுத்த காலம். வரிசை வாசல் வரை நின்றது. என்ன சொல்வது என்று நின்றுகொண்டே யோசித்தாள். சுவாமி, நான் மணலைப் பிழையாக எண்ணிவிட்டேன் என்றா? அது பாவமா? பிழையென்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது யாருடைய பாவம், அவருடையதா, தன்னுடையதா? முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தாள்.

றேமண்ட் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விரலை நக்கினான்.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? மணல்தானே! மஞ்சளா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன, கடல் வத்திப்போகுமா? யப்பான்காரன் வாசல்ல நிக்கிறான். இந்த நேரத்தில ஆர் உன்ட மணலைத் திருப்பி எண்ணப்போறான்? பேசாம இரு. திரும்பிக் காரீயத்துக்குப் போகப்போறியா?"

அவன் சொன்னது உண்மைதான். ஒருவரும் திருப்பி எண்ணப்போவதில்லை. அவள் மூன்று என்றால் உலகத்துக்கு மூன்றுதான். அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலைத் தரவில்லை, பயத்தைத் தந்தது.

வியாழக்கிழமை பின்நேரம் நாலு மணிக்கு மண்டபத்துக்குள் போன சண்முகலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலோரத்து மேசையில் நுணுக்குக்காட்டி நின்றது. அந்த மண்டபத்து ஜன்னல்களுக்குப் பெயின்ட் இல்லை, கறுப்புத் திரைதான். பகலென்றபடியால் திரை விலகியிருந்தது. மேற்கு வெயில் பளிச்சென்று மேசையில் விழுந்தது.

"நான்தான் வெள்ளனவே தூக்கி வந்தேன் சேர்" என்றான் மஷூர் பெருமையோடு. "வழமையா வைக்கிறதுதானே."

ஜன்னலைப் பற்றி மஷூரிடம் பிறிஜெற் சொல்லியிருந்தாள். நுணுக்குக்காட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சண்முகலிங்கம் அவளைப் பார்த்த பார்வையில் அவள் தலை குனிந்தாள். கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்தாள்.

அவர் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். மஷூர் ஜன்னல் திரையை இழுத்து மூட, விளக்குப் படம் மாற மாறக் கூட்டம் உன்னிப்பாகக் கேட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு என்று போன கோடு டிசம்பரில் தடாலென்று கீழே விழுந்தபோது முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் காட்டினார். பிறிஜெற்றுக்கு அந்தக் கோட்டைப் பார்க்க முடியவில்லை. எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. இங்கிலிஷில் கத்துவதற்கு அவளிடம் வார்த்தையும் இல்லை, தமிழில் கத்தினால் அங்கே கேட்க ஆளும் இல்லை.

கைதட்டல் ஓய்ந்து, ஜன்னல் திரையை மறுபடி விலக்கியதும் வில்மட் துரை எழுந்தார். இவ்வளவு கூர்மையான மாற்றத்தைத் தான் கண்டதில்லை என்றார். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் திரும்பி, வாடை மாதத்துக் கண்ணாடி ஒன்றைப் பார்க்கலாமா, எண்ணிய பெண்ணே எடுத்து வைக்கட்டும் என்றார். குரலில் கேலி இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின.

பிறிஜெற் எழுந்து நடந்தாள். பெட்டியைத் திறந்தாள். வரிசையாகக் கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய இலக்கம். பெப்ரவரி ஐந்து அவள் பெருவிரலுக்கு நேரே இருந்தது. அதில் நாலே நாலு மஞ்சள். அதை எடுத்து வைத்தால் போதும். பார்க்கிறவர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். சேருக்கு இடம், தனக்கு மேசை, அச்சில் பெயர். சண்முகலிங்கம் பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றார். எந்தக் கண்ணாடியில் எவ்வளவு என்று அவர் கொப்பியில் ஊன்றிப் பார்த்திருக்கவில்லை. அதை அறிய அவர் விரும்பவில்லையே!

அவளுடைய விரல் பெப்ரவரியைத் தொட்டது. ஒரு நொடி அங்கேயே நின்றது. கூடையில் கல்லைக் கண்டால் நிற்கிற மாதிரிதான் நின்றது.

அதைத் தாண்டிப் போய் மார்ச் மூன்றை எடுத்து வைத்தாள்.

"மிஸ்டர் சண்முகலிங்கம், நீங்களே சரிபார்த்துக் காட்டுங்கள்" என்று வில்மட் துரை இங்கிலிஷில் சொன்னார்.

இனி அவருக்கு வழி இல்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சண்முகலிங்கம் குனிந்து கண்ணை வைத்தார். பிறிஜெற் எதிரே நின்று அவருடைய வழுக்கையில் வேர்வை முளைப்பதைப் பார்த்தாள். சரிபார்க்க அரை நிமிஷம் போதும். அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று. அவர் நிமிரவில்லை. வலது கை மட்டும் கண்ணாடியை மெல்ல மெல்ல நகர்த்தியது. அந்த நகர்த்தலை அவளுக்குத் தெரியும்; இடமிருந்து வலம், ஒரு வரி கீழே, வலமிருந்து இடம். உதடு அசைந்தது. மனுஷன் எண்ணுகிறார்!

முன்வரிசையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மூன்று நிமிஷம். நாலு நிமிஷம். நிமிர்ந்து "மூன்று" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இந்த மண்டபத்தில் ஒருவரும் முந்நூறு மணியைத் திருப்பி எண்ணப்போவதில்லை. அவருக்கும் அது தெரியும். பிறிஜெற் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்று மட்டும் உள்ளே ஓடியது. எதைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் நிமிர்ந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. வில்மட் துரையைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்க்கவில்லை. நேரே அவளைப் பார்த்து, அந்த இங்கிலிஷ் மண்டபத்தில், தமிழில் கேட்டார்.

"பதினொண்டு. என்ன அக்கா, சரியோ?"

"இல்ல சேர், பன்னண்டு" என்றாள் பிறிஜெற். "இடப்பக்க மூலையில ஒண்டு இருக்கு. விட்டுட்டீங்க."

அவர் மறுபடி குனிந்தார். மூலையைத் தேடினார். "ஓம்" என்றார்.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இங்கிலிஷில் சொன்னார். ஜன்னலின் நீலத்தைப் பற்றிச் சொன்னார். எண்ணியவள் கண்ட நிறத்தைத்தான் எண்ணினாள், என்ன வெளிச்சத்தில் எண்ணுகிறாள் என்று பார்க்க வேண்டியது தன் வேலை, அதைத் தான் செய்யவில்லை என்றார். இந்தப் பிழையைக் கண்டுபிடித்ததும் அவள்தான் என்று அவளுடைய முழுப் பெயரைச் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். அதைக் கண்டபோதே பிறிஜெற்றுக்கு விளங்கிவிட்டது. மே மாதம் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அவளுடைய மேசையும் அதோடு போயிற்று. ஆனால் அது மே மாதத்துக் கதை.

அன்றைக்கு மண்டபத்தில் முதலில் அசைந்தது வில்மட் துரைதான். தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். குனிந்து கண்ணை வைத்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வெளிச்சம் போதவேண்டுமே என்று பிறிஜெற் ஜன்னலருகே போய்த் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.